மேலிமை, இரண்டு பக்கமும்

கணக்குச் சீட்டில் அப்படித்தான் இருந்தது.
மூவாயிரத்து நானூறு பிராங்க்.
காப்புறுதி ஒரு சதமும் தராது,
வடிவுக்கென்றால் அது உங்கள் செலவு.

வடிவுக்கில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.
ஒல்டன் ஸ்டேஷன் வெதுப்பகத்தில்
விடிய நாலரைக்கு ஷட்டர் தூக்குகிறவள் நான்.
ஒன்பது வருசமாய் ஒரே கேள்வி:
களைப்பா?
எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டு வந்த நாளிலும்
களைப்பா?
லீவு முடிந்து வந்த முதல் நாளே
கிப்ஃபெலி வாங்க வருகிறவன் கேட்கிறான்,
பாவம் என்ற முகத்தோடு.
இமையின் குற்றம் கண்ணுக்குத் தெரியாதாம்.
ஒல்டனுக்கெல்லாம் தெரிந்தது.

டொக்டர் எக்லி என்னை நேரே இருத்தி வைத்து
ஊதாப் பேனையால் கோடு போட்டார்.
படுத்தால் தோல் பொய் சொல்லும் என்றார்.
பிறகு ஊசி. அதுதான் நோகும், மற்றதெல்லாம் சத்தம்.
கத்தரி நறுக்குவது கேட்கும்.
ஏதோ கருகுகிற மணம் வரும்,
அது நீதான்.
நடுவில் ‘திறவுங்கள், மூடுங்கள்’ என்பார்கள்.
திறந்து மூடுவாய், லைட்டைத் தவிர ஒன்றும் தெரியாது.
தாதி ஒருத்தி உன் கையைப் பிடித்திருப்பாள்,
அவள் மத்தியானச் சாப்பாட்டை யோசிப்பது
விரலில் தெரியும்.

வெட்டியதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.
இரண்டு துண்டு, வெங்காயத்தின் உள்தோல் மாதிரி.
ஒன்பது வருசக் கேள்வி
அவ்வளவுதான் பாரம்.

வீட்டில் மூன்று தலையணை, நிமிர்ந்த நித்திரை.
உறைந்த பட்டாணிப் பையைத் துணியில் சுற்றிப்
பத்து நிமிசம் வை, பத்து நிமிசம் எடு.
குனியாதே. சோத்துப்பானை தூக்காதே.
முதல் நாலு நாள் கண் முழுதாய் மூடாது.
தேவர்களுக்கு இமையவர் என்று பேர்,
அவர்கள் இமைப்பதில்லை.
நாலு நாள் நானும் இமைக்காத தேவி,
மணிக்கொருதரம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு.
வரம் கேட்டு ஒருத்தரும் வரவில்லை.

தாளில் எழுதாத ஒன்று இருக்கிறது.
நீலம் கீழே இறங்கும்.
இமையிலிருந்து கன்னத்துக்கு வந்து மஞ்சளாகும்,
பார்க்கிறவர்கள் உன்னைப் பார்த்துவிட்டுப்
புருசனைப் பார்ப்பார்கள்.

தவமலர் கடையில் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டே
என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள்,
பிறகு வெளியே காருக்குள் இருந்த குகநேசனை.
மிச்சக் காசோடு என் கையை ஒருதரம் இறுக்கினாள்.
மேல்மாடி திருமதி வூத்ரிச்
தபால்பெட்டியில் ஒரு துண்டு போட்டிருந்தார்:
பெண்கள் காப்பகத்தின் நம்பர்,
அடியில் பென்சிலால், ‘இரவிலும் எடுக்கலாம்.’

பூனையைக்கூட அதட்டாத மனுசன்.
பட்டாணிப் பையை நேரம் பார்த்து மாற்றியவர்.
துண்டை வாசித்தார், மடித்தார்,
பாதி நிரம்பின குப்பைப் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு
கீழே போனார்.
திரும்பி வர வெகுநேரமாயிற்று.

நான் மேலே ஏறினேன்.
கதவு திறந்ததும் கண்ணாடியைக் கழற்றித்
தையலைக் காட்டி
எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்:
நானேதான். வடிவுக்காக.
காப்புறுதிக்குச் சொல்லாத சொல்
அந்தப் படியில் லேசாய் வந்தது.
திருமதி வூத்ரிச் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு
கிட்ட வந்து பார்த்தார்.
‘எவ்வளவு எடுத்தார்கள்?’
தோலையா காசையா, விளங்கவில்லை.
இரண்டையும் சொன்னேன்.

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள்,
எறும்பு ஊர்கிற மாதிரி.

மூன்றாம் கிழமை வேலை.
ஆரே ஆற்றிலிருந்து ஏறின மூடுபனி
மேடை வரைக்கும் வந்து நின்றது.
முதல்நாள் இரவு முழுக்க மகனுக்குக் காய்ச்சல்,
பொட்டு நித்திரையில்லை,
கால் இரண்டும் கழன்று விழப் பார்க்கிறது.
கிப்ஃபெலிக்காரன் வந்தான்.
‘நல்ல ஓய்வு போல,
பளிச்சென்று இருக்கிறீர்கள்’ என்றான்.

நன்றி என்றேன்.
பைகள் எடுக்கிற சாட்டில் மேசைக்குக் கீழே குனிந்து
ஒரு இமைப்பொழுது
கண்ணை மூடினேன்.
முழுதாய் மூடியது.