பொரளைக் காற்று

பொரளைச் சந்தியில்
நூற்றி எழுபத்தாறின் புகைக்குழாய்க்கு
கால்பந்தின் உள்ரப்பரைக் கொடுத்தபடி
குந்தியிருந்தேன்.
கொண்டக்டர் இறங்கி வந்தார்.
"தண்டமா மிஸ்?"
"இல்லை. பூவுக்கு."
அவர் சாரதியைப் பார்த்தார்.
சாரதி, எதற்கும் இருக்கட்டும் என்று
எஞ்சினை இன்னொருமுறை உறுமவிட்டார்.

பூ, கனத்தை மயான மதிலோரம் பறித்தது.
பட்டிப்பூ. யாரும் நடாதது, யாரும் கேளாதது.
அதன் கழுத்தைக் கீறி
ஊசிமுனையில் மகரந்தம் எடுத்து
சீனிக்கரைசலில், துளி போரிக் அமிலத்தில்
மிதக்கவிட்டேன்.

முதல் ஜாடிக்கு வடிகட்டிய காற்று.
இரண்டாவதற்குப் பொரளை.

நாற்பது நிமிடம் கழித்து
நுணுக்குக்காட்டியில்
முதல் ஜாடியின் மணிகள் உப்பி, வாய் திறந்து
நூல் விட்டிருந்தன,
முகவரி தெரிந்தவர்போல நேராக.
இங்கே சூலகம் இல்லை என்று
அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

பொரளையில் பாதி விழிக்கவேயில்லை.
விழித்தவை கொஞ்சதூரம் வந்து
சட்டென்று ஒரு கோணத்தில் திரும்பின.
நைத்திரிக் ஒட்சைட்டு, என்றார் கலாநிதி வீரக்கோன்.
எனக்கோ
கடன் கொடுத்தவரைக் கண்டு
குடையைச் சரித்துக்கொண்டு
எதிர்ப்பக்கம் கடக்கிற மனிதராகத் தெரிந்தது.
நானும் கடந்திருக்கிறேன், இதே சந்தியில்.

மூன்றாவது ஜாடி கணக்கில் இல்லை.
மூடி இறுகாத அதன்மேல் குனிந்தபடி
யோகசீலனோடு ஃபோனில் சண்டைபிடித்தேன்:
வாடகை,
கொட்டாஞ்சேனை அறையில் ஒழுகும் பைப்,
அவன் அம்மா சொன்ன அந்த ஒரு சொல்.
இருபது நிமிட மூச்சு.

அதில்தான் குழாய்கள் மிக நீளம்.

அளவான காபனீரொட்சைட்டு
சில மகரந்தங்களைத் தூண்டும்
என்கிறது பாடநூல்.
அந்த மூச்சில் என்ன பேசினாய் என்று
பாடநூல் கேட்கவில்லை.

"அதை வெட்டிவிடுங்கள். மாசுபட்டது."
வெட்டினேன்,
பென்சிலால், மெல்லிய கோடாக,
கீழே எண் தெரியும்படி.

ஆறரைக்கு அதே நூற்றி எழுபத்தாறு.
மிச்சக்காசை நீட்டியபடி கேட்டார்:
"பூ என்ன சொன்னது?"
"முகத்தைத் திருப்பிக்கொள்கிறது."
சிரிப்பார் என்று நினைத்தேன்.
கழுத்துத் துவாயை மூக்குவரை ஏற்றி
மிதிபலகையில் தொங்கிக்கொண்டு
மருதானை, மருதானை என்று
புகைக்குள் கூவினார்.