இருபத்திரண்டு வாரம்

இருபத்திரண்டு வாரத்தில் முடித்தேன்.
மருந்தளவுகள் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தன,
குளியலறைக் கண்ணாடியில்,
கார் ஸ்டியரிங்கின் நடுவில்.
ஒரு சனிக்கிழமை முழுக்க இதயம்,
ஞாயிறு மதியம் வரை நுரையீரல்.
பிரசவப் பாடத்தன்று எனக்குக் காய்ச்சல்;
குறிப்பை யாரோ படமெடுத்து அனுப்பினார்கள்.

மார்லிஸ் ட்வெய்ட்டுக்கு இரண்டு வருடம்.
வடக்கு டகோட்டாவின் இந்த மூலையில்
இரவுக்கு ஒரு வண்டி, அதில் நாங்கள் இருவர்.

பிப்ரவரி. மைனஸ் இருபத்தேழு.
எண்ணெய்க் கிணற்றுச் சாலையில் கவிழ்ந்த லாரி.
பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓரின்
தனக்கு ஒன்றுமில்லை என்றார்,
லாரியில் இருந்த நாயைக் கேட்டார்.
என் திரையின் எண்களும்
ஒன்றுமில்லை என்றே சொல்லின.
மார்லிஸ் கையுறையைக் கழற்றி
அவர் கழுத்தோரம் புறங்கையை வைத்தாள்.
அந்தக் குளிரில் அவருக்கு வியர்த்திருந்தது.
"கிளம்பு" என்றாள்.
பாலம் தாண்டும்போது எண்கள் சரிந்தன.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் கேட்டேன்,
எந்தப் பாடத்தில் வந்தது அது என்று.
ஸ்ட்ரெச்சர் சக்கரத்தில் உறைந்த பனியைத்
தட்டிக்கொண்டிருந்தாள்.
"மூன்றாம் பருவம். உள்ளே கசியும் ரத்தம்.
ஒரு மாதம் அதையே படித்தோம்."
பிறகு, சக்கரத்தைப் பார்த்தபடியே:
"அந்தப் பருவத்தில் நம்ம ஊர் வண்டி
ஓட்ட ஆளில்லாமல் கொட்டகையில் நின்றது.
என் தம்பிக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்தார்கள்.
ஐம்பது நிமிஷம்."

நாய் பிழைத்ததாக ஷெரீஃப் சொன்னார்.
ஓரினைப் பற்றி இன்னும் தெரியவில்லை.

வயர்லெஸ் கரகரத்தது.
பண்ணை வீடு, பதினெட்டு மைல், பிரசவம்.
மார்லிஸ் சாவியைத் திருகினாள்.
நான் போனில் மேலே மேலே தள்ளிப்
பழைய படமொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.