யாரிடமும் பகிர வேண்டாம்

சாயல்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பிரவுசிங் சென்டரில் ஒரு நாற்காலிதான்.
அதில் டெல்பினா. நான் நின்றுகொண்டு.
அவளைவிட ஆறு வயது கூட எனக்கு.
எங்கள் மூக்கையூர்த் தெருவில்
எனக்கு முன்னால் இந்தப் படிவத்தை யாரும் நிரப்பியதில்லை,
அதனால் நான் விவரம் தெரிந்தவளாகிவிட்டேன்.

தாயின் தொழில் என்ன என்கிறது திரை.
கீழே இழுத்தால் விவசாயம், அரசுப் பணி, இல்லத்தரசி.
கழுத்தளவுத் தண்ணீரில் முங்கி
பாறையில் பாசி பிய்க்கிறவளுக்கு
இடமில்லை.
'மற்றவை'யை அழுத்தச் சொன்னேன்.
அழுத்தினாள், என்னைப் பார்க்காமல்.
என் அம்மாவையும் அங்கேதான் வைத்தேன்.

நான் காரைக்குடியை மேலே போட்டிருந்தேன்.
அவள் கேட்டது கோயம்புத்தூர்.
பஸ் செலவு சொன்னேன், விடுதிச் செலவு சொன்னேன்.
"அக்கா, நீங்க எதுக்குப் பயந்து காரைக்குடி போனீங்க?"
கோயம்புத்தூர் ஏறி உட்கார்ந்தது.

ஐந்து மணிக்குள் பூட்ட வேண்டும்.
நாலு முப்பத்தெட்டு.
ஓடிபி அவள் அப்பா போனுக்குப் போகும்.
அப்பா சந்தியாகு நல்லதண்ணித் தீவுக்குத் தெற்கே.
போன் பாலித்தீன் பையில், பை டப்பாவில்,
டப்பா ஐஸ்பெட்டிக்கு அடியில்.
ஏலக்கொட்டகை வயர்லெஸ்ஸில் தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

முதல் எண் கரைக்கு வருமுன்னே செத்துப்போனது.
இரண்டாவது,
தீவோரம் ஒற்றைக் கோடு சிக்னலில் விழுந்தது.
அவர் கத்த, இன்னொரு வள்ளம் வாங்க,
அதனிடமிருந்து நண்டுவலைக்காரர் ஒருவர் வாங்கி
மீன் ஏலம் கூறுகிற குரலில் கரைக்குச் சொன்னார்:
நாலு, பூச்சியம், ஒம்போது, ஒம்போது, ரெண்டு,
கடைசி ஏழா, எட்டா?
"ஏழுய்யா! வாரத்துக்கு எத்தன நாளு, அது!"

யாரிடமும் பகிர வேண்டாம் என்று வந்த எண்ணை
அன்றைக்கு வலை போட்டிருந்த அத்தனை பேரும்
கேட்டிருந்தார்கள்.
பூட்டியது. நாலு ஐம்பத்தாறு.
பிரிண்டுக்கு இருபது ரூபாய்.

விடுதிக் கட்டணம் இன்னும் கையில் இல்லை.
முதல் பட்டதாரிச் சான்றுக்கு விஏஓ
திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்,
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் சந்தியாகு
வள்ளத்தின் உள்பக்கத்தைக் காட்டினார்.
ஆணியால் கீறிய ஆறு எண்கள்,
ஏழின் மேல் மட்டும் இரண்டு தடவை.
"காலேஜு முடியிற வரைக்கும் இது வேணுமாம்மா?"

பத்து நிமிடம்தான் அதற்கு ஆயுள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
டெல்பினா என் கையைக் கிள்ளினாள்.
"இருக்கட்டும்ணே" என்றேன்.