பதினான்கு என்பது சைக்கிள் அல்ல

வெள்ளிக்கிழமை. உட்துறைமுக வீதி மாடியறையில்
மின்விசிறி யோசித்து யோசித்துச் சுற்றுகிறது.
நினைவகம் இறங்கவேயில்லை.
மூன்று ஜிபி. மூன்றரை.
சாப்பிட்டு முடித்த விருந்தாளிகள்
செருப்பையும் மாட்டிக்கொண்டு
படலையடியில் நின்று கதைப்பதுபோல.

முஸ்னிரா கிண்ணியாவிலிருந்து அழைத்தாள்:
"ஆரு ஆரைப் பிடிச்சிட்டு நிக்கிறது, கண்டுபிடிச்சியா?"

கண்டுபிடித்திருந்தேன்.
இன்ஸ்டன்ஸ் தன் ஃபங்ஷனைப் பிடித்திருந்தது.
ஃபங்ஷன், நாங்கள் கொடுத்த குளோஷரை.
குளோஷர், போன மாசியில் வசதிக்காக நானே எழுதியபடி,
அதே இன்ஸ்டன்ஸை.
ஒவ்வொன்றின் கணக்கிலும் ஒன்று மிச்சம்.
பூச்சியமாக ஒருவருக்கும் மனமில்லை.
கைகோத்துக் கரையில் இருக்கும் மூன்று பேர்:
நீ முதலில் எழும்பு.
இல்லை, நீ.

அன்று அந்த வடிவம் எனக்கு அழகாயிருந்தது.
ஒரு பொருளைத் தொட்டால் போதும்,
அதன் உலகம் முழுதும் சத்தமில்லாமல்
பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்.
குட்டை குட்டையான வரிகள்.
மெமரியே, வாசி. ஃபங்ஷனே, ஓடு.
யாருடைய மெமரி என்று கேட்பது
மரியாதைக்குறைவு என்பதுபோல.

தேநீருக்கு இறங்கினேன். கோட்டை வாசலடியில்
பையிலிருந்து பணிஸை எடுக்க
காலையில் சைக்கிள் ஸ்டாண்டில் தந்த மட்டைத்துண்டும்
கூடவே வந்தது.
மான் பணிஸை மணந்துவிட்டு
மட்டையைத் தின்றது.
ஆறுதலாக, என்னைப் பார்த்தபடி,
எண் பதினான்கை.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.
ஸ்டாண்டில் பாலையூற்று ரெக்ஸ்டன்,
இருபது வயது, ஒரு காதில் இயர்போன்.
"மான் திண்டது நம்பரைத்தானே அக்கா,
சைக்கிளை இல்லையே."
சைக்கிள் இருந்தது. மணி இல்லாத என் சைக்கிள்,
கொப்பியில் பதினான்காம் வரிக்கு நேரே.
"ஆறுக்குப் பூட்டுவன்.
பூட்டினா எல்லாம் வெளியில."
இன்னொருத்தி அந்நேரம் சண்டைக்கு நின்றாள்,
கையில் ஆஸ்பத்திரி ஸ்டாண்டின் பதினான்கு.
அவன் முத்திரையைப் பார்த்தான். தலையாட்டினான்.
அதற்குமேல் பேசவில்லை.

நான் சைக்கிளை எடுக்காமல்
மாடிக்கே திரும்பிப்போனேன்.

அழித்தேன். ரகசியக் கயிறுகள் எல்லாவற்றையும்.
இனி மெமரி ஒரு எண். டேபிள் ஒரு எண்.
ஃபங்ஷன், குளோபல், எல்லாமே
மட்டைத்துண்டுகள்.
நகலெடு, தொலை, மானுக்குக் கொடு,
ஒன்றும் சாகாது, ஒன்றும் தங்காது.
சொந்தக்காரர் ஒருவர்தான்: ஸ்டோர்.
எதைத் திறக்கவும் எதைத் திருத்தவும்
அவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.
வேறு ஸ்டோரின் எண் வந்தால்
அதே இடத்தில் நிற்கும் ஓட்டம்.

"முன்னூற்றி நாப்பது இடத்தில
ஒரு ஆர்கியுமென்ட் கூடுது," என்றாள் முஸ்னிரா.
"பாவிக்கிற ஆக்கள் ஏசுவாங்க."
ஏசட்டும். முன்பு ஏசுவதற்கு
ஒரு விலாசம்கூட இருக்கவில்லை.

ஒன்பதரைக்கு ஓடவிட்டோம்.
ஐயாயிரம் வெப்அசெம்பிளி விருந்தாளிகள்
வந்தார்கள், கணக்குப் பார்த்தார்கள், போனார்கள்.
கோடு ஏறியது.
ஸ்டோரைக் கைவிட்ட கணத்தில்
நேரே கீழே.
மறுமுனையில் அவள் மூச்சுவிட்டது கேட்டது.
பிறகு அவளே கேட்டாள்:
"பூட்டாத ஸ்டாண்ட் எண்டா?
மாசக்கணக்கா ஓடுற ஸ்டோர் எண்டா?"

என்னிடம் பதில் இல்லை.
அந்த வரிக்கு மேல் ஒரு குறிப்பு எழுதினேன்,
என் பெயர் போட்டு, திகதி போட்டு.

ரெக்ஸ்டன் பூட்டிப் போயிருந்தான்.
வெளியில், சொன்னபடி, கம்பியில் சாத்தி என் சைக்கிள்.
உப்புவெளி வரைக்கும் எதிர்காற்று.

சனி காலை திரும்பவும் பதினான்குதான் தந்தான்.
நேற்றைய பதினான்கோடு யாராவது வந்தால்?
கேட்கவில்லை. மட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
நேற்று நீலம்.
இன்று பச்சை மை.