பக்கவாத்தியம்

கோடை விழா மேடையின் கீழே
வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றேன்.
மலர்க் கண்காட்சிப் பரிசளிப்பு முடிந்து
நாய்க் கண்காட்சி தொடங்குமுன் பதினைந்து நிமிடம்.
அந்த இடைவெளியில் பாவாயியை ஏற்றிவிட்டார்கள்.
மைக்கைக் கண்டதும்
காலில் அட்டைப்பூச்சி ஏறியவள்போல் பின்வாங்கினாள்.
பிறகு குனிந்து, முன்வரிசையில்
அகப்பட்ட கையைப் பிடித்தாள்.
என் கை. கடலைத்தோல் ஒட்டிய கை.

அன்றுவரை பழக்கமில்லை.
நாகலூர்க்காரி, பக்கத்து எஸ்டேட்டில் பழம் பறிப்பவள்,
எடை போடும்போது மேஸ்திரியிடம் சண்டைக்கு நிற்பவள்,
அவ்வளவுதான் தெரியும்.

மிளகு மூட்டையோடு மலையிறங்கினவன் பாட்டு.
நாற்பத்தோரு வரி. தாளம் கிடையாது,
மூச்சு தீர்கிற இடத்தில் வரி முடியும்.
நடுவே ஒரு நீள ‘ஏ’ வரும்.
அதற்குச் சற்று முன்பு
என் உள்ளங்கையில் அவள் கட்டைவிரல் நகம் இறங்கும்.
இழுப்பு தீரும்வரை என் கையைச்
சுற்றிக்கொண்டே இருப்பாள்,
மாவாட்டுகிறவள் குழவியைச் சுற்றுவதுபோல.
நாய்கள் ஒன்றுவிடாமல் ஊளையிட்டன.
கலெக்டர் கைதட்டினார்.

அப்படித்தான் எனக்கு இந்த வேலை வந்தது.
நோட்டீசில் ‘பாவாயி குழுவினர்’ என்று போடுவார்கள்.
குழு என்பது நான்.
நான் என்பது வலது கை.

இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டே சேலம் இறங்குவோம்.
அடிவாரம் வந்ததும்தான் அவளுக்குக் குரல் வரும்,
“எவ்வளவு தருவாங்களாம்?”
பாட்டு எங்கிருந்து கிடைத்தது என்று
கேட்காதவர் இல்லை.
“வாயிலிருந்து” என்பாள்.

நேரு கலையரங்கத்தில் போட்டி.
தாளமில்லையென்று ஒரு நடுவர் பத்து மதிப்பெண் குறைத்தார்.
மூன்றாம் பரிசு, ஐந்து லிட்டர் குக்கர்.
மாசம் அவள் வீடு, மாசம் என் வீடு.

செர்ரி ரோட்டில் ஒருவர் கேசட் போட்டார்.
ஆறு மாதம் கழித்து ஒரு டீக்கடையில் அது ஓடியது.
அடியில் கீபோர்டு, டிரம்,
மூட்டையோடு போனவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான்.
பாவாயி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்:
“யாருடி இவ? அடுப்புல பால வச்சிட்டு வந்தவளாட்டம்
பறக்குறா.”

அப்புறம் குக்கர் சண்டை.
ரப்பர் கிழிந்தது என் மாசத்தில் என்றாள்.
கிழிந்தேதான் வந்தது என்றேன்.
உன் கை இல்லாட்டி எனக்குப் பாட்டு வராதா என்றாள்.
போய்ப் பாடு என்றேன்.

போய்ப் பாடினாள்.
ரெண்டு வருசம் யார் யார் கையையோ பிடித்து.
சேர்வராயன் கோயில் திருவிழாவில் மட்டும்
குழல் ஒலிபெருக்கி வழியாக என் காதில் விழுந்தது.
கூட்டத்துக்கு வெளியே ராட்டினத்தடியில் நின்றேன்.
‘ஏ’ வருவதற்குச் சற்று முன்
என் உள்ளங்கை தானாகக் குவிந்தது.
இன்னொரு கையால் அதைப் பிடித்து
முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.
நன்றாகத்தான் பாடினாள்.
அதுதான் பொறுக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை வந்து நின்றாள்.
“வானொலியில கூப்பிட்டிருக்காங்க. கிளம்பு.”
மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் இல்லை.
நானும் கேட்கவில்லை,
செருப்பைத்தான் தேடினேன்.

குளிர் அறை. கதவில் சிவப்பு விளக்கு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் படிவத்தோடு ஒருவர்.
பக்கவாத்தியம் என்ன என்றார்.
“கை.”
கைத்தாளமா?
“கை.”
அப்படியொரு கருவி பட்டியலில் இல்லை அம்மா.
தோற்கருவி, நரம்புக்கருவி, துளைக்கருவி, கஞ்சக்கருவி,
இதில் ஒன்று சொல்லுங்கள்.

பாவாயி என் கையைத் தூக்கி
அவர் மேசைமேல் வைத்தாள்.
காப்பிக் கறை, காய்ப்பு, பழைய நகத்தடம்.
“தோலு இருக்கு. நரம்பும் இருக்கு.
எதுக்குக் காசு கூடவோ அதை எழுது.”

அவர் தோல் என்று எழுதினார்.

பாடி முடித்தோம்.
எனக்குத் தனியாக எழுபத்தைந்து ரூபாய்,
முதல்முறை.
ரசீதில் இடது கட்டைவிரல் வைத்தேன்,
வலதை அவள் இன்னும் விடவில்லை.
திரும்பும்போது கடைவீதியில் இறங்கி
குக்கருக்கு ரப்பர் வாங்கினோம்.
அளவு சரியில்லை.