கைக்குப் பத்து வராகன்

மஞ்சக்குப்பம் ஆவண அறையில்
மின்விசிறி இரண்டாம் எண்ணைத் தாண்டாது.
அதன் அடியில் லீட்ஸிலிருந்து வந்த ஜோன் அஷ்வெல்
மூன்று நாளாக ஓர் ஓவியனைத் தேடுகிறாள்.

சாமுவேல் வில்மட்.
நார்விச்சில் சாராயக்கடைப் பலகைக்கு
வாத்து வரைந்து பிழைத்தவன்.
லண்டனில் காட்சிக்கு எடுத்துக்கொண்ட ஒரே படத்தைக்
கதவுக்குப் பின்னால் மாட்டினார்கள்.
கதவோ நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது.
கடன்காரர்களுக்குத் தப்பிக் கப்பலேறி,
கோட்டை இடிந்து கிடந்த தேவனாம்பட்டினத்தில்
பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கரை சேர்ந்தான்.

அவனுடைய விலைப்பட்டியல் ஒன்று அகப்பட்டது.
கரையான் ஓரத்தைத் தின்றுவிட்டு
கணக்கை மட்டும் விட்டிருந்தது:
தலை மட்டும் என்றால் இருபது வராகன்.
கை ஒன்றுக்குப் பத்து.
நாய்க்கு நான்கு.

அதனால்தான் துரைகள் எல்லோரும்
ஒரு கையைச் சட்டைக்குள் நுழைத்து
மறு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து
அவ்வளவு கம்பீரமாக நிற்கிறார்கள் என்றாள் ஜோன்.
கஞ்சத்தனத்துக்கு இப்படியொரு தோரணை.

நான்காம் நாள், டீக்கு நடுவே,
என் மேசைப் பலகையைக் காட்டிக் கேட்டாள்:
வி. பூங்காவனம். இந்த வி யார்?
அப்பா, என்றேன். வில்லுமுத்து.

அவள் தம்ளர் பாதி வழியில் நின்றது.
வில்மட், வில்லுமுத்து,
வில்மட், வில்லுமுத்து,
பூட்டுக்குள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல்.

வில்லியத்தைச் செல்லமாகக் கூப்பிட்டால் வில்மட்டாம்.
அவர்களுடைய பழைய பேச்சில்
முன்பாதி விருப்பம், பின்பாதி தலைக்கவசம்.
ஆசையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டவன்.

எங்கள் ஊரில் வில் என்றால் வில்தான், என்றேன்.
முத்து என்றால் முத்து.
மாரியாத்தா உடம்பில் வாரி இறைத்துவிட்டு
உயிரை மட்டும் விட்டுப்போவாளே, அந்த முத்தும்தான்.
வில் எப்படி வந்து ஒட்டியது என்று கேட்டால்
குலசாமி கையிலிருந்தது,
கெடிலத்து வெள்ளம் கொண்டுபோனது என்பாள் அத்தை.
வெள்ளைக்காரனுக்கு வண்ணம் அரைத்த வம்சமடா நாம்,
அவன் பேரைத்தான் தின்றுகொண்டிருக்கிறோம் என்பார் பெரியப்பா.
குடித்திருந்தால் மட்டும்.

ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை
பெயர் தாவித் தாவி வரும் எங்கள் வீட்டில்.
பெயரைச் சுமக்கிறவன் என்பதால்தானே பேரன்.
இப்போது அண்ணன் மகன் சுமக்கிறான்.
சென்னை அலுவலகத்தில் அவனைச் சுருக்கி
வில்லி என்கிறார்களாம்.
சினிமாவில் விஷம் வைக்கிற பொம்பளையா நான் என்று
போனில் ஒரே புலம்பல்.
ஜோன் மேசையைத் தட்டிச் சிரித்தாள்:
வில்லியமும் எங்களுக்கு வில்லிதான்!

எனக்கு வந்தது ஓர் எழுத்து. பக்கத்தில் ஒரு புள்ளி.
கல்யாணத்தன்று அதையும் மாற்றச் சொன்னார்கள்.
மாற்றவில்லை.

பிறகு அவள் மடிக்கணினியைத் திருப்பினாள்.
வில்மட்டின் கடைசிப் படம், வாங்க ஆளில்லாமல் போனது.
அதற்குப் பின் எந்த ஏட்டிலும் அவன் இல்லை,
கல்லறைக் கணக்கிலும்.
வெயிலில் ஒரு துரை, வழக்கம்போல் கைகளை ஒளித்தவர்.
அவருக்குப் பின்னால் ஒரு பையன், குடையோடு.
கீழே ஜோனின் குறிப்பு:
குடை பிடிக்கும் சிறுவன், பெயர் தெரியவில்லை.

குடைக்காம்பைப் பற்றிய இரண்டு கைகள்.
முழுசாக.
பத்து விரலும் தனித்தனியாக,
கணுவில் சுருக்கம், பெருவிரலில் ஆறிய வெட்டு,
நகக்கண்களில் அவுரி நீலம்.

பெயர் தெரியவில்லை என்ற வரியின் மேல்
அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது.
திருத்தவேண்டாம், சான்றில்லை, என்றேன்.
இருபத்தாறு வருஷம் இந்த அறையில் இருந்தவள்
வேறென்ன சொல்வேன்.

அவள் போன பிறகு
சன்னலைச் சாத்தும்போது கணக்குப் போட்டேன்.
கை ஒன்றுக்குப் பத்து.
கடனில் முழுகியவன்
அந்தப் பையனிடம் வாங்காமல் விட்டது
இருபது வராகன்.