சுத்தமான ஓடு

வெஸ்ட்ரே தீவின் துறையில்
நவம்பர், நாலு மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
ஸ்வேன் டிரீவரின் படகிலிருந்து
பதினொரு பெட்டி நண்டு.
மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இங்கா.

கால் மூட்டைக் கட்டைவிரலால் அழுத்து.
அமுங்கினால் உள்ளே வெறும் தண்ணீர்,
கடலுக்கே திருப்பி எறி.
செம்பழுப்பாய், ஒரு கீறலும் இல்லாமல்
பளபளவென்று வருகிறதே, அதை நம்பாதே.
இப்போதுதான் சட்டை உரித்திருக்கும்.
ஓடு பெரிது, ஆள் சிறிது,
அண்ணன் கோட்டை மாட்டிக்கொண்டு
பள்ளிக்கு வந்தவன்போல.

கனமானது அழுக்காய்த்தான் வரும்.
முதுகெல்லாம் கொட்டலசு,
சுண்ணாம்பில் பிடித்த குட்டி எரிமலைகள்.
ஒன்றுக்குக் கண்ணுக்கு மேலேயே இரண்டு,
யாரோ புருவம் வைத்துவிட்டதுபோல.

வீகோவிலிருந்து வாங்குபவர் எழுதியிருக்கிறார்:
சதை நிறைந்திருக்க வேண்டும்,
ஓடு சுத்தமாய் இருக்க வேண்டும்.
இங்கா அதை இரண்டு தடவை சத்தமாய் வாசித்தாள்.
"கிழவன் வேணும், சுருக்கம் கூடாதாம்."
பிறகு மழுங்கின கத்தியை என்னிடம் நீட்டினாள்.

சுரண்டினேன்.
கொட்டலசு போகும், அதன் அடி போகாது.
தேநீர்க் கோப்பை வைத்தெடுத்த மேசைபோல
வெள்ளை வெள்ளையாய் வளையம்.

ஒரே தடவைதான் அதற்கு இடம் பார்க்க வாய்ப்பு.
தூசி அளவில் நீந்தித் திரியும்போது
தொட்டுப் பார்த்து, கொஞ்சம் நடந்து பார்த்து,
தலையை ஒட்டிக்கொள்ளும்.
அப்புறம் சாகும்வரை தலைகீழ்,
கதவைத் திறந்து காலால் சோறள்ளும்.
பாறை என்று நினைத்ததோ என்னவோ.
பாறை எழுந்து நடந்தது.

ஞாயிறன்று நாயோடு கரைக்குப் போனபோது
பாறைக் குட்டையில் ஒரு வெற்று ஓடு.
பின்வழியாய்க் கழன்று போயிருக்கிறது நண்டு.
கண்ணின் உறை, கால் நுனி, வாயோரத்து மயிர்கூட
அப்படியே இருக்கிறது,
ஆள்தான் இல்லை.
முதுகில் ஏழு கொட்டலசு.

தண்ணீர் லேசாய் அசைந்தது.
ஒன்று திறந்தது, பிறகு மூன்று,
பிறகு ஏழும் கால் வீசின
எப்போதும்போல.

நாய் முகர்ந்துவிட்டு நகர்ந்தது.
அலை ஏற இன்னும் இரண்டு மணி நேரம்.
கையில் எடுத்தால் எடையே தெரியாத ஓடு.
ஒரு கல்லைத் தேடி
அதற்குள் வைத்தேன்.
எதற்கு என்று இங்கா கேட்டிருந்தால்
சொல்லத் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை ஒன்பது பெட்டி.
கத்தியைத் தீட்டி வைத்திருந்தாள்.